செக்கிங்

"காலைத் தூக்கும்மா. சீக்கிரம்."

அம்மா குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள். மகள் ஈரத் தரையில் மண்டியிட்டு, அந்தக் கணுக்காலில் சுற்றியிருந்த கறுப்புப் பட்டையைப் பிரித்தாள். பிரிக்கும்போது அது கர்ரென்று கிழிபடுகிற மாதிரி சத்தம் போடும். இத்தனை நாளாக வீட்டில் யாரும் அந்தச் சத்தத்தைக் கவனித்ததில்லை. இன்று கதவுக்கு வெளியே ஹால் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்ததால், குழாயைத் திறந்துவிட்டுப் பிரித்தாள்.

"இடுப்புல இருக்கிறதையும் கழட்டு."

"நான் சொல்லிடறேன்டி," என்றாள் அம்மா. "உன் அண்ணன் வந்ததும் நானே சொல்லிடறேன்."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயே திறக்காத."

பட்டைகள் அப்பாவின் கால்களில் இருந்திருக்க வேண்டியவை. பார்க்கின்சன் நோய் அப்பாவின் கைகளை விட்டுவைத்துவிட்டுக் கால்களைப் பிடித்திருந்தது. நடந்துகொண்டே இருப்பவர் வாசற்படியைக் கண்டதும், தரையில் ஆணி அடித்தது போல நின்றுவிடுவார். ஒருமுறை விழுந்து நெற்றியில் தையல் போட்ட பிறகு, ஆஸ்பத்திரியில் இந்தப் பட்டைகளைக் கொடுத்தார்கள். இரண்டு கணுக்காலிலும் ஒவ்வொன்று, இடுப்பில் ஒன்று. அவர் எப்படி நடக்கிறார், எங்கே தடுமாறுகிறார், எப்போது நின்றுபோகிறார் என்பதையெல்லாம் உள்ளே இருக்கும் சென்சார் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கும் மகளின் போனுக்கும் அனுப்பும். விழுந்தால் போன் அலறும். அதைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார்.

டாக்டர் சொன்னது அவ்வளவுதான். அண்ணன்தான் அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தான். "இந்தப் பட்டை என்ன சொல்லுதுன்னு பாப்போம். நடை இப்படியே மோசமா இருந்துச்சுன்னா, எங்க ஊர்ல ஒரு இல்லம் இருக்கு, கொண்டுபோய்ச் சேர்த்துடறேன். ராத்திரி பகலா நர்ஸ் இருப்பாங்க. அம்மாவால இனிமே அவரைத் தூக்க முடியாது." அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னான். ஆனால் அந்த இல்லத்தில் நோயாளிகளுக்கு மட்டும்தான் இடம், அம்மா கூடப் போக முடியாது.

அப்பா முப்பது வருஷத்துக்கும் மேலாக பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் எந்தக் கம்பியையும் பிடிக்காமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தவர். உலகத்தில் அவர் மதிக்காத ஒரே ஜாதி செக்கிங் இன்ஸ்பெக்டர்கள். நடுவழியில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறி, ஒவ்வொரு டிக்கெட்டாக வாங்கிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கிறவர்கள். பட்டையைக் காலில் கட்டிய அன்றைக்கே அதற்கு செக்கிங் என்று பேர் வைத்துவிட்டார். பட்டையைக் கொண்டுவந்து கட்டிவிட்ட ஆஸ்பத்திரிப் பெண் செக்கிங் மேடம் ஆனாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது என்று மகளுக்கு இப்போது தோன்றியது. செக்கிங் என்று ஒன்று வந்துவிட்டால் அதை எப்படி ஏமாற்றுவது என்றுதான் கண்டக்டருக்கு யோசனை போகும். அது தன்னைப் பிடிக்க வந்தது இல்லை, தனக்காகவே வந்தது என்று அவருக்குக் கடைசிவரை யாரும் புரியவைக்கவில்லை.

"அவர்தான் சொன்னாரு," அம்மா ரகசியக் குரலில் சொன்னாள். "'நீ கடைக்குப் போகும்போது இதைக் கட்டிக்கிட்டுப் போ, செக்கிங் நல்லபடியா எழுதிக்கும், பையன் வாயை மூடிக்குவான்'னாரு. நான் மாட்டேன்னுதான் சொன்னேன்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாவே," என்றாள் அம்மா. மகள் காலையில் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, தினமும் அப்பாவின் கால்களிலிருந்து பட்டைகள் அம்மாவின் கால்களுக்கு மாறியிருக்கின்றன. சாயங்காலம் அவள் வருவதற்குள் திரும்பவும் அப்பாவிடம் போயிருக்கின்றன. சாயங்காலத்தில் அவர் தள்ளாடுவதை அவள் பார்த்திருக்கிறாள். "காலையில நல்லாத்தான் நடந்தார், பொழுது சாய்ஞ்சா மாத்திரை வேகம் கொறைஞ்சுடுது," என்பாள் அம்மா. போனும் அதையேதான் சொன்னது. டாக்டரும் தலையாட்டினார். இன்று காலைகூட, கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு மூக்குக்கண்ணாடி சரிபார்த்துக்கொண்டே போனைப் பார்த்து, அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: 'அப்பா இன்னைக்கு சூப்பரா நடக்கறார்.'

அது போன சற்று நேரத்தில்தான் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் கூப்பிட்டான். அப்பா விழுந்துட்டார், வாங்க வாங்க என்று அவன் கத்தினான். அவள் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். திரையில் அப்பா நடந்துகொண்டிருந்தார். ஒரு கணம், எலக்ட்ரீஷியன் வேறு யாருடைய அப்பாவையோ சொல்கிறான் என்று அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைக்கவே இப்போது கூசியது.

"சமையலறைப் படிகிட்ட நின்னிருப்பாரு," என்றாள் அம்மா. "கால் வராது. நான் இருந்தா 'ரைட்'னு ஒரு குரல் குடுப்பேன், உடனே எடுத்து வெச்சுடுவாரு. குரல் குடுக்க ஆள் இல்லாம எவ்வளவு நேரம் நின்னாரோ. கடைத்தெருவுக்கு ஆள் வந்து சொல்லி நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு." அவள் உடம்பு குலுங்கத் தொடங்கியது. "நான்தான்டி கொன்னுட்டேன்."

மகள் எழுந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள். கொஞ்சம் பலமாகவே பொத்தினாள்.

"இதை இன்னொரு தடவை சொல்லாத. அவன் காதுல விழுந்துச்சு, ஆயுசுக்கும் உன்னைச் சொல்லிச் சொல்லியே கொல்லுவான். அவன் வாய் உனக்குத் தெரியாதா? இனிமே நீ அவன்கூடவும்தானே இருந்தாகணும்."

பட்டைகளைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஹாலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தி அவளுக்கு வழிவிட்டார்கள். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அப்பா கட்டிலில் படுத்திருந்தார். தலையில் கட்டியிருந்த துணி ஒரு பக்கம் கறுத்திருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து, சமையல் மேடையின் விளிம்பில் தலை மோதியிருக்கிறது, உடனே போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். போர்வையை விலக்கினாள். கால் விரல்கள் எப்போதும் போல் உள்பக்கம் மடங்கியிருந்தன. உயிரோடு இருந்தவரை ஓயாமல் முரண்டு பிடித்த கால்கள், இப்போது சொன்னபடி கேட்டன. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அழுதால் நேரமாகும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு இடுப்பிலும் ஒரு காலிலும் பட்டையைக் கட்டினாள். மற்றொரு காலில் கட்டும்போது கதவு திறந்தது.

எலக்ட்ரீஷியன் நாற்காலி எடுக்க வந்திருந்தான். அப்பாவைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டிலில் போட்டவன் அவன்தான். அவள் கையைப் பார்த்தான், அப்பாவின் காலைப் பார்த்தான்.

"நான் தூக்கறப்ப இது கால்ல இல்லையேக்கா."

"கழண்டு கிடந்துச்சு," என்றாள்.

அவன் இன்னொரு தடவை அந்தக் காலைப் பார்த்தான். பிறகு, "அண்ணன் வந்தாச்சு, கீழ வண்டியை நிறுத்திட்டு இருக்காரு," என்று சொல்லிவிட்டு, நாற்காலியை எடுக்காமலே போனான்.

அண்ணன் அழுதுகொண்டு வரவில்லை. அழுகையை வழியிலேயே முடித்துவிட்டு, கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான், நெற்றியைத் தொட்டான், போர்வையை விலக்கிப் பட்டைகளைப் பார்த்தான்.

"இது கால்லதான் இருந்திருக்கு," என்றான். "அப்புறம் ஏன் அடிக்கல? விழுந்தா அலாரம் அடிக்கும்னுதானே கட்டினாங்க? அடிச்சிருந்தா நீ உடனே எதிர்வீட்டுக்குப் போன் பண்ணியிருப்பே, அவன் ஓடி வந்திருப்பான். காப்பாத்தியிருக்கலாம்ல?"

"டாக்டர் உடனே போயிட்டார்னு சொன்னார்ணா."

"அவருக்கு என்ன தெரியும்? நான் வர்ற வழியிலயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அந்தப் பொண்ணை வரச் சொல்லிட்டேன். வந்து பதில் சொல்லட்டும். ஓட்டை மெஷினைக் கட்டிவிட்டு ஒரு மனுஷனைச் சாகடிச்சிருக்காங்க. அவ வேலையைக் காலி பண்ணாம விடமாட்டேன்."

அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிர்ந்தது. மகள் போய் அவள் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

செக்கிங் மேடம் ஹாலுக்குள் நுழையும்போதே முகம் வெளுத்திருந்தது. சின்ன உருவம், தோளில் பெரிய பை. நடையைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. மாதம் ஒருமுறை வந்து அப்பாவை ஹாலில் நடக்கவிட்டுப் பார்ப்பாள். "மேடம், டிக்கெட் எல்லாம் சரியா இருக்கா?" என்று அப்பா கேட்பார். அவளும் சளைக்காமல், "இறங்கும்போது பாத்துக்கறேன்," என்பாள். இன்று அப்பாவின் காலடியில் நின்று கைகூப்பியபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழுகையெல்லாம் இருக்கட்டும்," என்றான் அண்ணன். "மெஷின் ஏன் அடிக்கலைன்னு சொல்லுங்க."

அவள் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து, ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து திறந்தாள். அண்ணன் எதிரே நின்றான். உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கழுத்தை நீட்டினார்கள். மகள் சுவரோரம் நின்று அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

முதலில் அந்த முகத்தில் குழப்பம் வந்தது. திரையை முன்னும் பின்னும் தள்ளினாள். பழைய நாட்களுக்குப் போனாள், திரும்பி வந்தாள். அந்த நேரம் பார்த்து, யாரோ தண்ணீர் கேட்டார்கள் என்று அம்மா சமையலறையிலிருந்து சொம்போடு ஹாலைக் கடந்து வந்தாள். அம்மாவுக்கு இடது முழங்கால் கொஞ்சம் மக்கர். அந்தக் காலை அரை மனதாக ஊன்றி, அடுத்ததைச் சட்டென்று எடுத்து வைப்பாள். செக்கிங் மேடம் தற்செயலாக நிமிர்ந்தாள். அவள் கண் அம்மாவின் கால்களில் போய் நின்றது. சொம்பைக் கொடுத்துவிட்டு அம்மா திரும்பிப் போகும்வரை அங்கேயே நின்றது. பிறகு திரைக்கு இறங்கியது.

நடந்தது யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னங்க, ஊமையா இருக்கீங்க?" அண்ணன் குரலை உயர்த்தினான். "தப்பு உங்க மேலதானே?"

"ஒரு நிமிஷம் சார். கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். மகளும் பின்னாலேயே போனாள். அம்மா அதற்குள் படுக்கையறைக்குப் போயிருந்தாள். இரண்டு பேரும் சமையல் மேடையின் விளிம்பைப் பார்க்காமல் நின்றார்கள்.

"இது உங்க அப்பா நடை இல்லை," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "காலையில வந்ததெல்லாம் அவர் நடை இல்லை. நான் முன்னாடியே சந்தேகப்பட்டிருக்கணும். மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு சந்தோஷப்பட்டுட்டேன்."

"மேடம்..."

"உங்களுக்கு இன்னொண்ணு தெரியணும். காலை மாத்திரையைக் கூட்டலாமான்னு டாக்டர் போன தடவையே யோசிச்சார். இதைப் பாத்துட்டுத்தான் வேண்டாம்னு விட்டார். கூட்டியிருந்தா காலு இந்த அளவுக்கு ஒட்டிக்காம இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்தான், கண்டிப்பா சொல்ல முடியாது."

மகள் மேடையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் எதைப் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்து கையை எடுத்தாள். அப்பா வெற்றிகரமாக ஏமாற்றியது செக்கிங்கை இல்லை, தன் மாத்திரையை. அம்மாவுக்கு இது தெரிந்தால், பக்கத்தில் இருந்து 'ரைட்' சொல்லாமல் போனோமே என்கிற துக்கத்தோடு நிற்காது. ஒவ்வொரு நாள் காலையும் கண் முன்னால் வந்து நிற்கும். அம்மா பிழைக்க மாட்டாள்.

"அம்மாகிட்ட இதை மட்டும் சொல்லிடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"சேச்சே, என்ன பேச்சு இது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க பாருங்க. டாக்டர்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிடுவேன். அது என் வேலை. ஆனா இந்த ஹால்ல, இத்தனை பேர் முன்னாடி அந்தம்மாவைக் கைகாட்டிச் சொல்ல எனக்கு வாய் வரல. அதுக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கற அளவுக்குப் பெரிய மனசும் எனக்கு இல்லைங்க. எனக்கும் இந்த வேலை வேணும். நீங்களே என்ன சொல்லணுமோ சொல்லிடுங்க."

நியாயமான பேச்சு. வெளியே அண்ணன், ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருடைய நம்பரை யாரிடமோ சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் ஹாலுக்கு வந்தாள். யோசித்து வைத்துக்கொண்டு வரவில்லை. வாயைத் திறந்தபோது அதுவே வந்தது.

"மெஷின் மேல தப்பில்லைண்ணா. அலாரத்தை நான்தான் அணைச்சு வெச்சிருந்தேன்."

நம்பர் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் திரும்பினான்.

"என்னது?"

"கடையில ஆள் இருந்தாங்க. அது சும்மா சும்மா கத்திட்டே இருக்கும். அவர் கொஞ்சம் குனிஞ்சாக்கூட கத்தும். சத்தத்தைக் குறைச்சேன்."

"குறைச்சியா, அணைச்சியா?"

"அணைச்சேன்."

அண்ணன் கிட்டே வந்தான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது. அவன் கையைத் தூக்கவில்லை.

"காலையில எனக்கு மெசேஜ் வேற அனுப்பினியே. சூப்பரா நடக்கறார்னு. அதை வண்டியில வரும்போது எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? கண்ணாடி விக்கிறதுக்கு அப்பாவை அணைச்சு வெச்சியாடி நீ?"

படுக்கையறை வாசலில் அம்மா வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "டேய், அவ இல்லடா..." என்று தொடங்கினாள்.

"நீ சும்மா இரும்மா!" மகள் கத்திவிட்டாள். "எதுக்கெடுத்தாலும் எனக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத. தப்பு என்னுதுதான்."

இத்தனை நேரமும் வராத அழுகை இப்போது வந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஒரு பெரியம்மா 'அடிப்பாவி' என்று முணுமுணுத்தாள். எலக்ட்ரீஷியன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இனிமே என் மூஞ்சியில முழிக்காத," என்றான் அண்ணன். சத்தம் போடாமல்தான் சொன்னான். அவன் சத்தம் போடாமல் சொல்கிற விஷயங்களில் பின்வாங்கியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிறகு செக்கிங் மேடத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க. உங்களை என்னென்னவோ பேசிட்டேன்," என்றான்.



கோபம் இறங்கியதும் அவன் உடம்பே சிறுத்துப்போன மாதிரி இருந்தது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். அம்மா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செக்கிங் மேடம் அப்பாவின் இடுப்பிலிருந்தும் கால்களிலிருந்தும் பட்டைகளைக் கழற்றினாள். கழற்றிய பிறகு, போர்வையை இழுத்து விரல்களை மூடினாள். அவள் பையை மூடப் போகும்போது அண்ணன் கேட்டான்.

"இன்னைக்குக் காலையில அவர் நடந்தது அதுல இருக்குமா?"

அவள் கை நின்றது. "இருக்கும் சார்."

"ஒரு தடவை பாத்துக்கறேன். நான் அவர் நடந்து பாத்து ரொம்ப நாளாச்சு."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் வாசலுக்கு வெளியே, அண்ணன் கண்ணில் படாத இடத்தில் நின்றிருந்தாள். உள்ளே வர அவளுக்கு இனி உரிமை இல்லை. செக்கிங் மேடம் டேப்லெட்டைத் திறந்து அவன் மடியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள்.

அண்ணன் திரையை அம்மாவின் பக்கம் சாய்த்துப் பிடித்தான்.

"பாரும்மா. ஒவ்வொரு கோடும் ஒரு அடி. எவ்வளவு சீரா வெச்சிருக்கார் பாரு. எங்கயும் ஒட்டிக்கல." குரல் உடைந்தது. "நான்தான் அவரை இல்லத்துல தள்ளணும்னு நின்னேன். இவ்வளவு நல்லா நடந்திருக்காரேம்மா."

அம்மா பார்த்தாள். கடைத்தெரு வரை நடந்த கோடுகள். காய்கறிக்காரரிடம் நின்று பேசிய இடைவெளி. அண்ணனின் விரல் அவற்றைத் தள்ளிக்கொண்டே போனது. ஓரிடத்தில் கோடுகள் திடீரென்று நெருங்கி, உயரமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன.

"அம்மா! இங்க பாரு... ஓடியிருக்கார்!" அண்ணன் நிமிர்ந்தான். முகம் முழுக்கக் கண்ணீரும் ஒரு பெருமையுமாக இருந்தது. "அப்பா ஓடியிருக்கார்மா. கடைசியில ஓடியே இருக்கார். எங்கம்மா ஓடினார்?"

அம்மா கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"வீட்டுக்குத்தான்," என்றாள்.

அண்ணன் அந்த இடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினான்.